உலர்த்தாத பிள்ளை

காலையில் பல் தேய்ப்பதுபோல, தூத்துக்குடியில் எல்லோரும் மூக்கிலிருந்து மூச்சுவலையைக் கழற்றி, அலசி, மறுபடி மாட்டிக்கொள்வார்கள். தூசியைப் பிடிக்க அந்த வலையை விட்டால் வேறு கதியில்லை. ஒரு காலத்தில் உடம்பே சும்மா செய்துகொண்டிருந்த வேலைதான் அது. சளி என்றாலே முகம் சுளித்த ஒரு தலைமுறை, சளிச்சுரப்பிகளை வற்றவைக்கும் நுண்மருந்தைக் கண்டுபிடித்துத் தலைகால் புரியாமல் ஆடிவிட்டது.

அதிலிருந்து பிள்ளைக்கு ஒரு வயதானால் தாய்மாமன் மடியில் உட்காரவைத்து அந்த மருந்தை விட்டு உலர்த்துவது வழக்கமாயிற்று. அதுவரை பிள்ளை, வடிகட்டிய காற்று மட்டும் வரும் அறையை விட்டு வெளியே வராது. காதுகுத்து மாதிரி பந்தல், பிரியாணி எல்லாம் உண்டு!

நுரையீரல் மருத்துவர் ஜெனோவா எத்தனையோ பிள்ளைகளை உலர்த்தியவள். இன்று அவள் மகள் ரெக்சியின் முறை. முந்தின நாள் யாரோ அறைக்கதவைச் சரியாகச் சாத்தாமல் விட, உப்பளக் காற்றின் பூஞ்சைத்தூள் உள்ளே புகுந்துவிட்டது. பந்தலுக்கு வந்தபோது பிள்ளையின் நெஞ்சு கர்கர்ரென்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே உதடு நீலம் பாய்ந்தது.

"எக்கா, என்ன பாத்துக்கிட்டு நிக்க? மருந்த விடு, சளி வத்திரும்லா!" என்று தம்பி கிளாட்வின் பதறினான்.

ஜெனோவா மருந்துக் குப்பியைத் திறந்துவிட்டாள். எதற்கும் ஒருமுறை பார்த்துவிடலாமென்று அகநோக்கியின் கேமரா இழையை மூச்சுக்குழாய்க்குள் விட்டாள். திரையை உற்றுப் பார்த்தாள். பூஞ்சைத்தூள் அத்தனையும் சளியில் ஒட்டிக் கிடந்தது. நுண்ணிய மயிரிழைகள் அசைந்து அசைந்து அந்தச் சளியை மேலே தள்ளிக்கொண்டிருந்தன. இப்போது உலர்த்தினால் எல்லாம் உள்ளேயே இறுகி மூச்சை அடைத்துவிடும். அடப்பாவிகளா, நோயை வெளியே தள்ளுவதையா நோய் என்று நினைத்தோம்!

"லேய், பிள்ளைய மடியில குப்புறப் போடு!"

"சளி வெளிய வந்துராதா?"

"வரட்டும்லே! வரத்தான் வேணும்."

உள்ளங்கையைக் குவித்து முதுகில் தட்டினாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி தட்டினாள். 'கடவுளே, என் பிள்ளை!' என்று உள்ளுக்குள் கதறிக்கொண்டே தட்டினாள்.

ஒரே ஒரு இருமல்! மாமனின் புதுப் பட்டுச்சட்டையில் பச்சையாக ஒரு கட்டி வந்து விழுந்தது. பின்னாலேயே ஊரைக் கூட்டும் அழுகை. உதட்டில் சிவப்பு ஏறியது.

"வந்துட்டு! வந்துட்டு!" என்று சட்டையை விரித்துக் காட்டிக் குதித்தான் கிளாட்வின். சளி என்ற சொல்லுக்கே மூக்கைப் பொத்தும் ஜனம், அதைப் பார்க்க முண்டியடித்தது. ஜெனோவா அழுதுகொண்டே சிரித்தாள்.

அடுத்த முறைக்குப் பிள்ளையோடு காத்திருந்த எஸ்கலின், "எம் மவனுக்கு எப்போ, டாக்டரம்மா?" என்றாள்.

ஜெனோவா குப்பியைத் தரையில் கவிழ்த்தாள். "அவனுக்கு ஒண்ணும் வேண்டாம். வேண்டியது அவனுக்குள்ளயே இருக்கு. கூட்டிட்டுப் போம்மா."

அடுத்த மழைக்காலத்தில் தெருவெல்லாம் பிள்ளைகள் தும்மின, இருமின. மூக்கு ஒழுக ஓடிவரும் பிள்ளையை இழுத்துப் பிடித்து முந்தானையால் துடைத்துவிட, ஊர் அம்மாக்கள் முதன்முதலாகக் கற்றுக்கொண்டார்கள்.