ஒன்பதாம் படியில் ஈரம்

காலையில் உளியால் சீவி மட்டமாக்கிய இடத்தில் மத்தியானம் மறுபடி பசை பொங்கியிருந்தது.

கீழிருந்து எண்ணினால் ஒன்பதாம் படி. நீளவாக்கில் பிளந்து இரண்டான பலகையை அவன் ஒட்டியிருந்தான். அந்த ஒட்டின் வழியே, தேன் நிறத்தில், மிளகு பருமனுக்குக் குமிழ் குமிழாக நுரை எட்டிப் பார்த்தது. தொட்டான். பிசுபிசுத்தது. நாலு மணி நேரத்தில் காய்ந்துவிடும் என்று டப்பாவில் போட்டிருந்தது. ஒட்டி இரண்டு நாள் ஆகிறது.

மாடி வீட்டிலிருந்து இறங்க வீட்டுக்கு வெளியே இருக்கும் அந்த மரப்படிக்கட்டை விட்டால் வேறு வழி கிடையாது. போன மழைக்காலத்தில் படி பிளந்தபோது, தண்ணீர் தாங்குகிற பசை வேண்டும் என்று கேட்டுத்தான் வாங்கினான். கடைக்காரர் அப்போதே சொன்னார்.

"சார், இது அடுப்புல வச்ச பாலு மாதிரி. ஈரம் பட்டா பொங்கும். ஒரு பக்கம் ஈரத்துணியால துடைங்க, மறுபக்கம் மெல்லிசா தடவுங்க, கிளாம்ப் போட்டு இறுக்கிடுங்க. விட்டீங்கன்னா பலகையைத் தள்ளிட்டு வந்துடும்."

அவன் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்ப்பவன். இருபது வருடமாக அவன் கையில் பட்ட பசையெல்லாம் காயக் காயச் சுருங்கும் பசை. ஒட்டிய புத்தகத்தின் மேல் கனமாக எதையாவது ஏற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். கை பழக்கம். படியின் மேல் நாலு செங்கல்லை அடுக்கிவிட்டு வேலைக்குப் போனான். பக்கவாட்டில் இறுக்க வேண்டியதை மேலிருந்து அழுத்தினால் என்ன ஆகும்? பசை பொங்கிப் பலகைகளை விலக்கி, இடைவெளியைத் தன் நுரையாலேயே அடைத்துக்கொண்டது. பார்வைக்குக் கல் மாதிரி இருந்தது. உள்ளே ரஸ்க்.

"உங்க கைவேலை படிக்கத்தான் லாயக்கு, மிதிக்க லாயக்கில்ல" என்று சிரித்துக்கொண்டே, துவைத்த துணிகளை இடுப்பில் இடுக்கியபடி, அவன் மனைவி அந்தப் படியில் கால் வைத்தாள். கீழே சிமெண்டுத் தரை.

அவள் போனதிலிருந்து மூன்று மாதமாக, ஆறு வயது மகளை அந்தப் படிக்கு மேலாகத் தூக்கித் தாண்டித்தான் கொண்டுபோனான். எத்தனை நாளைக்கு முடியும்? ஒரு நாள் அவள் தனியாக இறங்குவாள். அதற்குள் இந்த ஒட்டு சரியாக நின்றாக வேண்டும். அதே பசை, ஆனால் இந்த முறை மூன்று கிளாம்ப்.

கடைக்காரருக்குப் போன் போட்டான்.

"இன்னும் பொங்குதுன்னா இன்னும் ஈரம் போகுதுன்னு அர்த்தம் சார்."

"மழை பெஞ்சு இருபது நாளாச்சுங்க."

"வீட்ல வாண்டு இருக்குல்ல? செடிக்கு ஊத்தறேன்னு படிக்கு ஊத்திட்டிருக்கும். பாருங்க."

சாயங்காலம் பார்த்தான். மகள் ஒன்பதாம் படியில் குப்புறப் படுத்து, ஒட்டின் மேல் உதட்டை வைத்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னடா பண்ற?"

"பேசறேன்."

"யார்கிட்ட?"

"உள்ள. அம்மாகிட்ட. உனக்கு யாரு தலை பின்னி விடறான்னு கேட்டாங்க. அப்பாதான்னு சொன்னேன். அதான் கோணலா இருக்குன்னாங்க."

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மூச்சு! வாய்க் காற்றின் ஈரம். அவ்வளவுதான் விஷயம்.

அவளை மேலே தூக்கிப்போய் உட்கார வைத்தான். "அப்பா கூப்பிடற வரைக்கும் வெளிய வரக் கூடாது. சரியா?"

"சரிப்பா. அவங்க கூப்பிட்டா?"

கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

நுரையைச் சீவினான், உலர்ந்த துணியால் அழுந்தத் துடைத்தான், பத்தாம் படியில் உட்கார்ந்து காத்திருந்தான். எதிர்வீட்டுச் சுவரில் வெயில் சிவந்து மேலேறிக்கொண்டிருந்தது. தெருவில் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் தேய்ந்து மறைந்தபின், காலடியிலிருந்து பொரி பொரிவது போல் மெல்லிய சடசடப்பு, முதலில் விட்டு விட்டும் பிறகு விடாமலும் கேட்டது. குமிழ் ஒன்று வந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. மேலே யாரும் இல்லை. யாரும் ஊதவில்லை.

அப்படியானால் கீழிருந்து.

இறங்கினான். படிக்கட்டின் அடிப்பக்கத்தைப் பலகை அடித்து மூடியிருந்தார்கள். இரண்டு பலகைகளை நெம்பி எடுத்து, டார்ச்சோடு உள்ளே ஊர்ந்தான். தூசி, சிலந்தி வலை, பொடிப்பொடியாய் உலர்ந்த மண். ஒரு சொட்டு ஈரமில்லை. ஆனால் வாசனை இருந்தது. பசையின் வாசனை அல்ல. தூங்கி எழுந்தவர் வாயின் வாசனை.

நிமிர்ந்து நின்று டார்ச்சை உயர்த்தினான்.

படியின் அடியில் பசை அரைத் தேங்காய் அளவுக்குப் புடைத்துத் தொங்கியது. அதன் நடுவே ஒரு குழி. எதன் மேலோ அழுந்தி, அதன் வடிவத்தை வாங்கிக்கொண்ட குழி. ஓரங்கள் தடித்திருந்தன. தடிப்பில் மெல்லிய கோடுகள். உதட்டுக் கோடுகள்.

பெரியவர் வாய்.

குழிக்குள் ஈரம் மினுங்கியது. டார்ச்சின் கண்ணாடியில் ஆவி படிந்தது. விலகியது. மறுபடி படிந்தது.

மேலே பலகை கிறீச்சிட்டது. ஒன்பதாம் படியைச் சுற்றியிருந்த வெளிச்சம் அடைத்துக்கொண்டது.

"உள்ள போ."

"ம்."

"அப்பா சொல்றேன்ல. எழுந்திரு."

"ம்ம்."

"வாயைத் திறந்து பேசு."

"ம்ம்ம்."

குதிகால் பலகையை உதைக்கும் சத்தம். ஒரு தரம். இரண்டு தரம். பிறகு இல்லை.

அவன் முகத்துக்கு ஒரு சாண் உயரத்தில், தேன் நிற உதடுகள் மெல்லப் பிரிந்து, மகளின் குரலில், "அப்பா" என்றன.