கழுவாத கல்

1862 அக்டோபர், செவ்வாய்க்கிழமை. காலை 8.10.

இழுப்பறையில் பஞ்சு இருந்தது. பஞ்சின் நடுவில் குழி இருந்தது. அதில் இருக்க வேண்டிய கல் இல்லை.

ஹெம்பெல் குனிந்து பார்த்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். ஜெர்மனியில் துரிங்கியா மலையடிவாரத்துச் சின்னப் பல்கலைக்கழகம் அது. முப்பத்தோரு வருடமாக அங்கே ஒழுங்கு காக்கும் அலுவலர் அவர். மாணவர்களின் குடிச்சண்டை, வாள்சண்டை, வாடகை தராமல் ஓடுவது எல்லாம் அவர் தலையில்தான் விடியும். கல் களவு போனது இதுவே முதல் தடவை.

"பூட்டு உடையலை. சாவி எத்தனை?"

"மூணு. எங்கிட்ட ஒண்ணு, ஓவியர் மோல்ட்கிட்ட ஒண்ணு, புரொபசர் ரைக்வைன்கிட்ட ஒண்ணு," என்றான் லூடெக்கே. இருபத்தெட்டு வயது. இன்னும் நிரந்தர வேலை இல்லை. வீட்டில் மனைவிக்கு எட்டாம் மாதம்.

"ஒரு கல்லுக்கா இவ்வளவு பதறறீங்க?"

"பதினோரு மணிக்கு என் ஆய்வை விசாரிக்க கமிட்டி உக்காருது ஐயா. நான் எழுதினது முழுக்க அந்தக் கல்லை நம்பித்தான். அது இல்லைன்னா நான் கதை கட்டினதா முடிவு பண்ணிடுவாங்க. அப்புறம் எந்த ஊர்லயும் என்னைச் சேர்க்க மாட்டாங்க."

ஹெம்பெல் முக்காலியை இழுத்து உட்கார்ந்தார். "எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

அது கல்லாகிப்போன நத்தை ஓடு. பாதி தட்டை, பாதி கோபுரம். தட்டை ஓடும் கோபுர ஓடும் ஒரே வம்சம் என்பதற்கு அதுதான் சாட்சி.

"புரொபசரும் வம்சம்னுதானே சொல்றாரு?"

"உருவம் மாறும்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே அவருதான். ஆனா தட்டை முதல்ல, அது ஏறி ஏறிக் கோபுரமாச்சுன்னு சொல்வாரு. இயற்கை எப்பவும் மேலதான் ஏறுமாம். குவாரியில பார்த்தா, தட்டை ஓடெல்லாம் மேலடுக்குல, சாம்பல் மண்ணுல கிடக்கு. இந்த நடுவடிவம் அதுக்கும் கீழ, மஞ்சள் மண்ணுல இருந்துச்சு. கீழ இருக்கறதுதானே மூத்தது?"

"அப்ப கோபுரம்தான் இறங்கித் தட்டையாச்சு."

"ஆமா. மஞ்சள் மண்ணு அப்படியே ஒட்டியிருந்துச்சு. அதனாலதான் கழுவாம வெச்சேன். இன்னைக்கு ஏழு மணிக்குப் பார்த்தேன், இருந்துச்சு. எட்டுக்குத் திறந்தா இல்லை."

நத்தை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன என்று ஹெம்பெலுக்குத் தோன்றியது. ஆனால் பையன் காலி இழுப்பறையை மறுபடி மறுபடி இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அலுப்போடு எழுந்தார்.

காலை 8.40. ஓவியர் மோல்ட் பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

"கடைசியா எப்ப பார்த்தீங்க?"

"நான் இன்னும் பார்க்கவே இல்லை. இன்னைக்கு ஒன்பது மணிக்கு வரையறதா இருந்துச்சு. மண்ணையும் சேர்த்து வரையணுமாம். முப்பது வருஷமா மண்ணை விட்டுட்டுத்தான் வரையறேன். உடைஞ்சிருந்தா முழுசாக்கி வரைவேன். இயற்கை நினைச்சதை வரை, பார்த்ததை வரையாதேன்னு புரொபசர் சொல்வாரு."

"ஏழுலேர்ந்து எட்டு வரைக்கும்?"

"நாவிதர் கடை. தாடையில வெட்டு பாருங்க, அவர்தான் சாட்சி."

நாவிதரைக் கேட்டதில் அது உண்மை. வெட்டுக்கு மன்னிப்பும் கேட்டார்.

காலை 9.15. மாடியில் புரொபசர் ரைக்வைன். எழுபத்து நான்கு வயது. வீங்கிய காலைக் கம்பளியில் சுற்றி முக்காலிமேல் வைத்திருந்தார். வாலிபத்தில் கவிஞர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து, இயற்கை முழுவதும் ஒரே பாட்டு என்று விடிய விடியப் பேசியவர். சுவர் நிறைய அவருடைய கண்ணாடி அலமாரி. அதில் தொள்ளாயிரம் கல், மாசு மறுவில்லாமல்.

"வாப்பா ஹெம்பெல். எம்மேலயும் சந்தேகமா?"

"எல்லார் மேலயும்தான், புரொபசர். அதுக்குத்தானே சம்பளம். கீழே போனீங்களா?"

"இந்தக் காலை வெச்சுக்கிட்டா? எழுந்ததிலேர்ந்து இந்த நாற்காலிதான். கையைக் கழுவக்கூட எழலை."

மூலையில் கைகழுவும் பீங்கான் தொட்டி. அடியில் மஞ்சளாக ஏதோ படிந்திருந்தது. பக்கத்தில் மெல்லிய மயிர்த் தூரிகை. வேலைக்காரப் பெண் ஒழுங்காகக் கழுவுவதில்லை என்று நினைத்துக்கொண்டு ஹெம்பெல் வெளியே வந்தார். வயதானால் புத்திக்கும் படியேறும்போது மூச்சு வாங்குகிறது. இறங்கும்போது கொஞ்சம் வேலை செய்கிறது. பாதிப் படியில் நின்றார். அந்தப் பெண் வாளியோடு ஏறி வந்துகொண்டிருந்தாள்.

"தொட்டியில எப்ப தண்ணி வெச்சே?"

"ஏழு மணிக்கு ஐயா. தொட்டியைத் தேய்ச்சுட்டுத்தான் ஊத்தினேன். கிணத்துத் தண்ணி, கண்ணாடி கணக்கா இருந்துச்சு."

காலை 10.20. ஹெம்பெல் மறுபடி புரொபசரின் அறைக்குள் வந்து, கதவைச் சாத்திவிட்டு அலமாரி முன்னால் நின்றார். ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார். எல்லாக் கல்லும் வெளிறிக் காய்ந்திருந்தது. நாலாவது வரிசையில் ஒன்று மட்டும் கறுத்திருந்தது. திறந்து தொட்டார். ஈரம்.

"எழவே இல்லைன்னீங்க. ஏழு மணிக்குத் தெளிஞ்சிருந்த தண்ணியில குவாரி மண்ணு இருக்கு. நீங்கதான் எடுத்தீங்க, புரொபசர்."

ரைக்வைன் கம்பளியை இழுத்துக் காலை மூடிக்கொண்டார்.

"ஆத்துல போட்டிருந்தா நான் கண்டுபிடிச்சிருக்கவே மாட்டேன்," என்றார் ஹெம்பெல். "அப்படியே ஒளிச்சு வெச்சிருந்தாலும்தான். தொட்டியை நானும் பார்த்தேன், அழுக்குன்னு விட்டுட்டேன். திருடிட்டு வந்து யாராவது தேய்ச்சுக் குளிப்பாட்டுவாங்களா?"

"ஆத்துல போடவா? இருபது வருஷமா அந்த உருவத்தைத் தேடினேன்ப்பா. மண்ணோட எப்படி அலமாரியில வெப்பேன்?" கிழவரின் கண் கலங்கியிருந்தது. "அவன் எம்பிள்ளை மாதிரி. அவன் கையால நான் தோக்கணுமா?"

ஹெம்பெலுக்குப் பாவமாக இருந்தது. கோபமும் வந்தது.

"கல்லைக் குடுத்துடலாம். ஆனா மண்ணு போச்சு. கல்லு எந்த அடுக்குன்னு இனி அது சொல்லாது. மண்ணைப் பார்த்த இன்னொருத்தர் நீங்க மட்டும்தான். கமிட்டியில அந்தப் பையன் சொன்னா நம்ப மாட்டாங்க."

ஹெம்பெல் கைத்தடியை எடுத்து அவருடைய மடியில் வைத்துவிட்டு, கல்லோடு இறங்கினார்.

பகல் 11.00. மேசையில் கல். பின்னால் மூன்று பேர். டீன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கல் இருக்கு, சரி. மஞ்சள் மண்ணுலேர்ந்து வந்துச்சுன்னு யார் சொல்றது? நீங்களேதான், லூடெக்கே?"

லூடெக்கே வாய் திறப்பதற்குள் கதவு திறந்தது. ரைக்வைன் தடியை ஊன்றி நின்றார். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை.

"நான் சொல்றேன். காலையில திருடினது நான். மஞ்சள் மண்ணு அப்பியிருந்துச்சு. என் கையாலதான் கழுவினேன். அவன் எழுதினது சரி."

குமாஸ்தாவின் பேனா கொஞ்ச நேரம் கீறிக்கொண்டிருந்தது. லூடெக்கே தரையைப் பார்த்தபடி அழுதான். டீன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அப்போ உங்க அலமாரியில இருக்கற தொள்ளாயிரமும் எந்தெந்த அடுக்கு, புரொபசர்?"

"தெரியாது," என்றார் ரைக்வைன். "எல்லாத்தையும் நல்லா கழுவிட்டேன்."