கொட்டாஞ்சேனைக்குத் திரும்பிய பெயர்

திங்கட்கிழமை காலை 8.40. வெள்ளவத்தையில் 'வரதம் கேற்றரிங்' இணையத்தளம் களவு போயிருந்தது.

முகவரியை அடித்தால் உரிமையாளர் வரதராசா மாலையும் கழுத்துமாக நிற்கும் படம் வரவேண்டும். வந்ததோ கொட்டாஞ்சேனையிலிருக்கும் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை: 'தனுஷியாவின் அடுப்படி'.

தனுஷியா அவருடைய ஒரே மகள். கிறிஸ்ரியைக் கட்டிக்கொண்டு போன நாளிலிருந்து அந்தப் பெயரை வீட்டில் எவரும் எடுப்பதில்லை.

"கிறிஸ்ரியின்ர வேலைதான்! அவன் கொம்பியூட்டர்காரன். பொலிசுக்குப் போவம், பெரியப்பா!" என்று துள்ளினான் சயந்தன். வரதராசாவின் தம்பி மகன். சமையலறைக்குள் கால் வைத்தறியாத முகாமைப் பணிப்பாளர்.

பொலிசுக்கு முன்னால் மேல்மாடி நிருஷாவைக் கூப்பிட்டுவிட்டார் வரதராசாவின் மனைவி நேசமலர். கொள்ளுப்பிட்டிக் கணினி நிறுவனமொன்றில் இப்படியான சிக்கல்களை அவிழ்ப்பதுதான் நிருஷாவின் தொழில். உள்ளே வருமுன் பெயர்ப்பலகையை வாசித்தாள். சற்று நேரம் எடுத்தது. சமூகஜோதி, சமாதான நீதவான், அறுசுவை அரசர், ஓய்வுபெற்ற தொலைத்தொடர்புப் பொறியியலாளர், இரு சங்கங்களின் போஷகர்.

"ஒன்பது மணிக்குப் பிறகு தொடங்கலாம், பிள்ளை. முதல்ல தேத்தண்ணியைக் குடியுங்கோ," என்றார் வரதராசா. களவு கொடுத்தவருக்கு அவசரமே இல்லை.

9.05. சயந்தன் கடவுச்சொல்லை அடித்துக் கொடுத்தான். நிருஷா பதிவுகளைத் திறந்தாள்.

"தளம் இருந்த இடத்திலதான் இருக்கு. பெயரைத்தான் திருப்பிவிட்டிருக்கு. இந்தப் பெயரைத் தேடி வாறவையை அந்தப் பெயருக்குப் போங்கோ எண்டு கைகாட்டுற ஒரு வரி. சீநேம் எண்டு சொல்லுவம்."

"எப்ப செய்தவன்?" சயந்தன் கேட்டான்.

"வெள்ளிக்கிழமை பகல் 12.02. ஆனா உள்ள வந்தது 10.40க்கு. அவ்வளவு நேரமும் ஒண்டும் செய்யேல்லை. மின்னஞ்சலிலயும் கை வைக்கேல்லை."

"மத்தியானச் சாப்பாட்டு இடைவேளைக்குக் காத்திருந்திருக்கிறான்!" என்றான் சயந்தன், வெற்றியோடு.

நிருஷா அவனைப் பார்க்கவில்லை. "அன்ரி, அந்தக் கடை எப்பிடிப் போகுது?"

நேசமலரின் குரல் தணிந்தது. "இந்த மாசத்தோட பூட்டப்போறாளாம். ஓடர் இல்லையாம்."

வரதராசா தேத்தண்ணிக் கோப்பைக்குள் எதையோ தேடினார்.

"வீடு புகுந்த கள்ளன் இவ்வளவு நேரம் சும்மா குந்தியிருப்பானோ, சயந்தன்?" நிருஷா கதிரையைத் திருப்பினாள். "வெள்ளிக்கிழமை ராகுகாலம் பன்னிரண்டுக்கு முடியும். திங்கட்கிழமை ஒன்பதுக்கு முடியும். இண்டைக்கு என்னைத் தேத்தண்ணியோட இருத்தி வச்ச ஆள்தான் அண்டைக்கும் காத்திருந்தவர். பெயர்ப்பலகையில இருக்கிற பொறியியலாளரை நீங்கள் ஒருத்தரும் வாசிக்கிறேல்லை. செய்தது அங்கிள்."

"பெரியப்பா!"

சமூகஜோதி மெல்ல அணைந்து, வெறும் வரதராசா மிஞ்சினார்.

"பூட்டப்போறன் எண்டு தன்ர இணையப் பக்கத்தில போட்டிருந்தவள். ஒவ்வொரு நாளும் பாக்கிறனான். கூப்பிட்டுக் கதைக்க வாய் வரேல்லை. அதுதான், வாற சனத்தையாவது அனுப்பிவிட்டன்."

"இவன் சயந்தன் கிறிஸ்ரியைப் பொலிசில குடுக்கப் பாத்தவன். நீங்கள் வாயைத் திறந்தனீங்களே?" என்றார் நேசமலர்.

வரதராசா கோப்பையை மேசையில் வைத்தார்.

"திருப்பி மாத்தட்டோ, அங்கிள்?" நிருஷா அந்த வரியில் அம்புக்குறியை வைத்தாள்.

தொலைபேசி அடித்தது. வரதராசாவே எடுத்தார். கலியாண வீட்டுக்காரர் ஒருவர். உங்கட பக்கத்தைத் திறந்தால் வேற கடை வருதே, பிழையான இடமோ என்று கேட்டார்.

வரதராசா தொண்டையைச் செருமினார்.

"இல்லை, சரியான இடந்தான். தனுஷியா... என்ர மகள்."

நிருஷா அந்த வரியைத் தொடாமலே மூடினாள்.