மறைக்காமல் நிற்பவன்

பிளாக்மோஸ் ஸ்டேஷனில் ரயில் நிற்பதில்லை. நிற்க ரயிலும் இல்லை, ஓடத் தண்டவாளமும் இல்லை. அதையெல்லாம் எப்போதோ பெயர்த்து எடைக்குப் போட்டுவிட்டார்கள். மிச்சம் இருப்பது ஒரு பிளாட்பாரமும், அதன்மேல் ஒரு காத்திருப்பு அறையும்தான். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் பழைய ரயில் படங்களைச் சேர்ப்பவர்கள் அங்கே கூடுவார்கள்.

அன்று நாரிஸ் அக்ராய்ட் வந்து சேர்ந்தபோது பனி தூற ஆரம்பித்திருந்தது. பூட்ஸைத் தட்டி உதறிவிட்டு உள்ளே நுழைந்தார். மண்ணெண்ணெய் அடுப்பின் வாசனையும் கொதித்துப்போன டீயின் வாசனையும் அவரை வரவேற்றன.

"கதவைச் சாத்துப்பா! குளிரும் உனக்குப் பின்னாலயே வந்து டீ கேக்குது" என்றார் மேவிஸ்.

மேவிஸ் அந்தக் கூட்டத்தின் ஒரே பெண். காலமான கணவரின் ஸ்லைடு பெட்டிகளோடு வந்தவர், டீ நன்றாகப் போடுகிறார் என்பதற்காக உள்ளே சேர்த்துக்கொள்ளப்பட்டவர். எஞ்சினுக்கும் இட்லிப் பானைக்கும் வித்தியாசம் தெரியாது என்று நம்மூரில் சொல்வோமே, அந்த ரகம். புரொஜெக்டரைத் துடைத்துக்கொண்டிருந்தவர் ஸ்டான்லி. அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியில், வழக்கம்போல ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தவர் கிளைவ் பர்ட்டன்.

"வாடா நாரிஸ்" என்றார் கிளைவ். "உனக்காகத்தான் பிஸ்கட்டை இந்தக் கொள்ளைக்கார ஸ்டான்லிகிட்டேருந்து காப்பாத்தி வச்சிருக்கேன்."

நாரிஸுக்கு நெஞ்சு இளகியது. அறுபதை நெருங்கும் மனிதரை 'டா' போட்டுக் கூப்பிட உலகத்தில் இனி ஒருவர்தான் பாக்கி.

இவர்களுடைய வேலை இதுதான்: ஒரு பழைய படத்தைத் திரையில் போடுவார்கள். எந்த இடம், எந்த வருடம், என்ன எஞ்சின் என்று சண்டை போடுவார்கள். கைகாட்டியின் பெயின்ட், எஞ்சின் முகத்தில் விளக்கு தொங்கும் இடம், எதையும் விடமாட்டார்கள். ஆனால் படத்தில் இருக்கும் மனிதர்களை மட்டும் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்கள். மனிதன் என்பவன் ரயிலை மறைப்பவன், அவ்வளவுதான். ஆள் விழுந்த படத்தைப் போட்டிக்கே எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

இதில் கிளைவ் ஒரு படி மேல். கேமராவில் கண்ணை வைத்துவிட்டால், இடது கையை நீட்டி, உள்ளங்கையால் காற்றைத் துடைப்பார். தள்ளிப் போ, இன்னும் தள்ளிப் போ என்று அர்த்தம். யார் என்று பார்க்கமாட்டார். போன கோடையில் அந்தக் கைக்குப் பயந்து பின்னாலேயே போன மேவிஸ், காஞ்சொறிப் புதரில் போய் உட்கார்ந்தார். அதை ஒவ்வொரு மாதமும் நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள்.

கிளைவ் முதலில் நாரிஸின் நண்பரே அல்ல. அண்ணன் டெரிக்கின் நண்பர். டெரிக் பத்தொன்பது வயதில், இதே பிளாக்மோஸ் வளைவில், ஒரு பனிநாளில் ரயிலில் அடிபட்டுச் செத்தான். யாரும் பார்க்கவில்லை. தண்டவாளத்தைப் பழுது பார்ப்பவர்கள்தான் உடலைக் கண்டெடுத்தார்கள். விசாரணையில் ஒன்றும் தீரவில்லை. ஆனால் ஊர் வாய் தீர்ப்புச் சொல்லிவிட்டது: கண் தெரிந்த பையன் பட்டப்பகலில் தண்டவாளத்தில் போய் நின்றான் என்றால், தானாகத்தான் போயிருக்கிறான்.

அம்மா அன்றோடு தேவாலயத்துக்குப் போவதை நிறுத்தினாள். "என் சமையலறையில உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருந்தானே, அவன் மனசுல என்ன இருந்துச்சுன்னு நான் கேக்கலியே" என்று சாகும்வரை அரற்றினாள்.

கிளைவ் அன்று காய்ச்சலில் படுத்திருந்தார். அப்படித்தான் சொன்னார். "நான் கூடப் போயிருந்தா அவன் இன்னிக்கு இருப்பான்" என்று அவர் அழுதபோது, பிள்ளையைப் பறிகொடுத்த அம்மாதான் அவர் முதுகைத் தடவித் தேற்றினாள். அதன்பிறகு ஞாயிறு தவறாமல் கிளைவ் அவள் மேசையில் மாட்டிறைச்சி வறுவலும் புட்டிங்கும் சாப்பிட்டார். ஒரு கிறிஸ்துமஸுக்குத் தான் எடுத்த படம் ஒன்றைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். பனியில் எஞ்சின் வளைந்து வரும் படம். அம்மா அதைக் கணப்புக்கு மேலே மாட்டித் தினமும் துடைத்தாள். அவளுக்குப் பிறகு நாரிஸ் துடைக்கிறார்.

"இன்னிக்கு என் முறை" என்று மேவிஸ் ஒரு சின்ன டப்பாவை எடுத்து வைத்தார். "சர்ச் விற்பனையில கெடச்சுது. யார் எடுத்ததுன்னு தெரியல. ரெண்டே ரெண்டு படம்தான் ரயில். மிச்சமெல்லாம் ஆட்டுக்குட்டி."

"ஆட்டுக்குட்டிக்கு எந்த வருஷம்னு நான் சொல்றேன்" என்றார் ஸ்டான்லி.

விளக்கு அணைந்தது. புரொஜெக்டர் விசிறி முனகியது. முதல் படம் விழுந்தது.

வெள்ளை மலைச்சரிவு. இரண்டு தண்டவாளங்கள் வளைந்து போகின்றன. தூரத்துத் தண்டவாளத்தில், கரும்புள்ளியாய் வந்து பெரிதாகும் எஞ்சின். யாரோ வழிப்போக்கன் மேட்டுச் சாலையிலிருந்து எடுத்திருக்கிறான்.

"நம்ம வளைவுதான்!" என்றார் ஸ்டான்லி. "தினசரி வண்டி. வருஷம் கண்டுபிடிக்கறது கஷ்டம்."

நாரிஸ் முன்னால் குனிந்தார். எஞ்சினுக்கு மேலே நீராவி எழுந்து, காற்றில் மடங்கி, படுத்திருக்கும் நாயின் தலை மாதிரி நின்றது. ஒரு காது தூக்கி, ஒரு காது தொங்கி. அந்த நாயை அவருக்குத் தெரியும். தினமும் காலையில் அதைத்தான் துடைக்கிறார்.

நீராவி ஒருமுறை நின்ற மாதிரி மறுமுறை நிற்காது.

"கிளைவ்!" நாரிஸ் குழந்தை மாதிரி எழுந்துவிட்டார். "இது உன் படம்! எங்க வீட்ல இருக்கே, அதே வண்டி, அதே நொடி! உன் முதுகுக்குப் பின்னாலேருந்து எவனோ எடுத்திருக்கான். நீயும் இதுல இருக்கணுமே!"

கிளைவ் டீக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இருக்காரே" என்றார் மேவிஸ். அவர் எஞ்சினைப் பார்க்கவே இல்லை. "இதோ, வேலி ஓரமா மண்டி போட்டுக்கிட்டு. கையைப் பாருங்க, அதே கை! அய்யோ, அப்பவே இந்த வேலைதானா?"

ஸ்டான்லி வாய்விட்டுச் சிரித்தார். ஆமாம், அதே கைதான். இடது கை நீண்டிருந்தது, உள்ளங்கை விரிந்திருந்தது.

"அதுசரி, அந்தக் கைக்குப் பயந்து பின்னாடியே போறானே, அந்தப் பையன் யாரு?" என்றார் மேவிஸ். "கிட்டத்துத் தண்டவாளத்து மேலேயே ஏறிட்டான் பாவம். சிவப்பு மப்ளர், ஒரு நுனி மட்டும் பச்சை."

சிவப்புக் கம்பளி தீர்ந்துபோய், கடைசி முழத்தை அம்மா பச்சையில் பின்னி முடித்தாள். டெரிக் அதற்காக அவளைக் கேலி செய்துகொண்டே இருந்தான். அதைப் போட்டுத்தான் அவனைப் புதைத்தார்கள்.

அறையில் ஈரக் கம்பளியின் வாசனை அடித்தது.

"ஸ்டான்லி, நிறுத்து" என்றார் கிளைவ்.

"அடுத்ததைப் போடு" என்றார் நாரிஸ்.

ஸ்டான்லி இருவரையும் பார்த்தார். பட்டனை அழுத்தினார்.

இரண்டாவது படம். எஞ்சின் போய்விட்டது. கிட்டத்துத் தண்டவாளத்தை ஒரு கூட்ஸ் வண்டி நிறைத்திருந்தது. இறக்கத்தில், நீராவி இல்லாமல், பனியில் சத்தமே போடாமல் வழுக்கி வந்த வண்டி. பையனைக் காணோம். வேலியைத் தாண்டி ஒருவன் ஓடிக்கொண்டிருந்தான். கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டு.

"காய்ச்சல்னு சொன்னியே" என்றார் நாரிஸ்.

கிளைவின் முகம் திரை வெளிச்சத்தில் சுண்ணாம்பாய் இருந்தது. "டேய், நான் தள்ளிவிடல. சத்தியமா தள்ளிவிடல. படத்துல விழறான்னு கையைக் காட்டினேன். அவ்வளவுதான். கண்ணு கேமராவுல இருந்துச்சு. அந்த வண்டி வந்தது எனக்கே கேக்கல."

"அம்மா உன்னைக் கேட்டாங்க. உன் கட்டில்ல உக்காந்து, ஏதாவது சொன்னானா, மனசு ஒடிஞ்சிருந்தானான்னு உன் கையைப் புடிச்சுக் கேட்டாங்க."

"எனக்குப் பத்தொன்பது வயசுடா..."

"அப்புறம் இருபது ஆச்சு. நாப்பது ஆச்சு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே கிளைவ். தானா சாகலம்மான்னு, அந்த ஒரு வார்த்தை." நாரிஸ் கிளைவின் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தார். "எங்க மேசையிலதானே சாப்பிட்ட!"

கிளிக்.

ஸ்டான்லி பட்டனைத் தொடவில்லை.

ரயில் படம் இரண்டை மட்டும்தான் புரொஜெக்டரில் போட்டிருந்தார்கள். திரையில் வெறும் வெளிச்சம்தான் விழ வேண்டும். வெள்ளையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வெள்ளையில் ஏதோ விழுந்துகொண்டே இருந்தது, மெல்ல மெல்ல, பனி மாதிரி. நடுவில் ஒரு புள்ளி.

கிளிக்.

புள்ளிக்குக் கால்கள் இருந்தன. நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

கிளிக்.

முதுகு பெரிதாகியிருந்தது. பின்னாலேயே நடந்து வருகிறது. யாரோ கை காட்டக் காட்ட, பின்னால், இன்னும் பின்னால், அறையை நோக்கி.

"பிளக்கைப் புடுங்கு!" என்று மேவிஸ் கிசுகிசுத்தார்.

ஸ்டான்லி பிடுங்கினார். விசிறி நின்றது. திரை அணையவில்லை.

கிளிக்.

சிவப்பு மப்ளர் திரையை நிறைத்தது. அதன் பச்சை நுனியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் தரையில் விழுந்தது. அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

அடுத்தது, ஒரு குரல். இளங்குரல். கோபமே இல்லை.

"இப்போ மறைக்கலியே, கிளைவ்?"

கிளைவ் நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தார். கதவைத் திறந்து பிளாட்பாரத்துக்கு ஓடினார். நாரிஸ் வாசல்வரை போனார். பனி கொட்டிக்கொண்டிருந்தது. பிளாட்பாரத்தில் கிளைவ் மட்டும்தான் இருந்தார். ஆனால் எதிரே யாரோ நெருங்கி வருவது போல, இடது கையை நீட்டிக் காற்றைத் துடைத்துக்கொண்டே பின்னால் போனார்.

"போ! தள்ளிப் போ! பின்னாடி போ!"

பிளாட்பாரத்தின் விளிம்பு அவர் குதிகாலுக்கு ஓரடியில் இருந்தது. 'கிளைவ், நில்' என்று ஒரு வார்த்தை போதும். நாரிஸின் நாக்கு நுனிவரை வந்தது அது.

அவர் வாயைத் திறக்கவில்லை.

கிளைவ் விளிம்புக்குக் கீழே மறைந்தார். தண்டவாளம் இல்லாத அந்தப் பள்ளத்தில், இரும்பின்மேல் இரும்பு உரசும் ஓசை ஒன்று நீளமாய்ப் போய்த் தேய்ந்தது.

அவர் சாகவில்லை. இடுப்பு முறிந்து முட்புதரில் கிடந்தார். அவர் முகத்தில் படிந்திருந்தது என்ன என்று ஆம்புலன்ஸ்காரன் துடைத்துப் பார்த்தான். நிலக்கரிப் புகைக் கரி. மேவிஸ் ஆம்புலன்ஸில் கூடவே ஏறிக்கொண்டார். நாரிஸ் ஏறவில்லை.

வீட்டுக்குப் போய், கோட்டைக்கூடக் கழற்றாமல், கணப்புக்கு மேலிருந்த படத்தை இறக்கினார். நாய்த்தலை நீராவி அப்படியே இருந்தது. சட்டத்தைத் திருப்பிப் பின்பக்க ஆணிகளைச் சமையலறைக் கத்தியால் நெம்பினார். படத்தைச் சுற்றி அகலமான அட்டைக் கரை ஒன்று இருந்தது. இடப்பக்கம் மட்டும் இரண்டு விரல் கூடுதல் அகலம். இத்தனை வருடமும் அதை அழகுக்கு என்றே நினைத்திருந்தார்.

அட்டையைத் தூக்கினார். கிளைவ் படத்தை வெட்டக்கூட இல்லை. நல்ல பிரிண்ட்டை வெட்ட மனசு வந்திருக்காது. டெரிக் நின்ற ஓரத்தை மட்டும் மூடிக் கொடுத்துவிட்டார். அம்மா தினமும் தன் பிள்ளையின் மேல்தான் துணியை ஓட்டியிருக்கிறாள்.

நாரிஸ் தரையில் உட்கார்ந்து அழுதார். வெகுநேரம் கழித்துத்தான் அந்த விளிம்பை உற்றுப் பார்த்தார்.

பனியில் கிட்டத்துத் தண்டவாளம் தெரிந்தது. தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டு காலடிக் குழிகள், ஆள் நின்ற ஆழத்தில். ஆள் இல்லை.

தொலைபேசி அடித்தது. மேவிஸ்.

"நாரிஸ், ஆஸ்பத்திரியிலேருந்து பேசறேன். கிளைவ் முழிச்சுட்டாரு. வாயே திறக்கல. கையை மட்டும் ஆட்டிக்கிட்டே இருக்காரு, தள்ளிப் போ தள்ளிப் போன்னு. ஊசி போட்டும் நிக்கல." அவர் மூச்சு வாங்கினார். "இங்க நர்ஸ் என்னைக் கேக்கறா. கூட வந்திருக்கிற பையன் யாரு, சொந்தக்காரனான்னு. கட்டில் கால்மாட்டுலயே நிக்கிறானாம். உடம்பெல்லாம் ஈரமாம். உக்காருப்பான்னா உக்கார மாட்டேங்கறானாம். யாருக்கும் மறைக்கலியேன்னு கேட்டுக் கேட்டு நிக்கிறானாம். நான் பார்த்தா அங்க யாரும் இல்ல நாரிஸ். நான் என்ன சொல்லட்டும் அவகிட்ட?"

நாரிஸ் கையிலிருந்த படத்தைப் பார்த்தார். வெறும் பனி.

"எங்க அண்ணன்னு சொல்லு" என்றார். "அவனை யாரும் இனிமே தள்ளி நிக்கச் சொல்ல வேண்டாம்னு சொல்லு."