சலவைக்கூடத்துத் துரு

செவ்வாய்க் கிரகத்தின் எட்டாம் வளவில் காலை ஆறு மணிக்குக் காற்று வரும். ஆறே முக்காலுக்கு நின்றுவிடும். அதற்குள் வீட்டுத் தொட்டியை நிரப்பிக்கொள்ளாதவர்கள் அன்று முழுக்கப் பக்கத்து வீட்டு வாசலில் அசடு வழிய நிற்க வேண்டியதுதான். அதனால் பூங்கோதை ஐந்தரைக்கே எழுந்து காற்றுமானியின் முன்னால் காவல் நிற்பாள். அவள் புருஷன் சிவக்கொழுந்து அந்த நேரத்தில் சமையல் மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு காருக்குப் பழுப்பு வண்ணம் தீட்டிக்கொண்டிருப்பான். வண்ண வாடை வீட்டுக் காற்றைக் கெடுத்துவிடும் என்பதால் அவள் முகமூடி மாட்டிக்கொண்டுதான் இட்லி ஊற்றுவாள்.

கார் என்றால் முக்கால் சாண் நீளக் கார். நிஜக் காரின் அளவில் இருபத்து நான்கில் ஒரு பங்கு. பெட்டியைத் திறந்தால் பிளாஸ்டிக் சட்டங்களில் ஒட்டிக்கொண்டு நூற்று முப்பது உதிரிகள் இருக்கும். ஒவ்வொன்றாகக் கிள்ளியெடுத்து, பிசிறு தேய்த்து, ஒட்டி, வண்ணம் பூச வேண்டும். எட்டாம் வளவில் சாலை கிடையாது. ஓடுகிற காரைக் கண்ணால் பார்த்த ஒருவரும் அங்கே உயிரோடு இல்லை. ஆனாலும் பதினோராயிரம் பேர் கொண்ட அந்த வளவில் முந்நூறு பேர் கார் கட்டினார்கள். பார்க்காத பொருள் மேல்தானே மனுஷனுக்குக் கிறுக்குப் பிடிக்கும்?

புதுக் கார் கட்டுவதில் பெருமை இல்லை, அதை எந்திரமே கட்டிவிடும். கட்டியதைக் கிழடாக்குவதில்தான் கெட்டிக்காரத்தனம். அதற்குப் பழமையூட்டல் என்று பெயர் வைத்திருந்தார்கள். சக்கரத்துக்கு மேலே சேறு, கண்ணாடியில் தூசு, எல்லாவற்றுக்கும் மேலாகக் கதவோரத்தில் துரு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. வளவில் குழாய், கதவு, கரண்டி எல்லாமே அலுமினியம், இல்லாவிட்டால் பாறையை உருக்கி இழுத்த பாறைநார். இரும்பு துருப்பிடித்து எவரும் கண்டதில்லை. பூமியிலிருந்து வந்த நாலைந்து பழைய படங்களைப் பார்த்து ஒருவர் பூச, அவரைப் பார்த்து அடுத்தவர் பூச, முந்நூறு பேரும் ஒரே துருவை நாற்பது வருடமாகப் பூசிக்கொண்டிருந்தார்கள். பூசியதைப் படமெடுத்து வளவின் பொதுப் படத்தளத்தில் ஏற்றி, ஒருவரையொருவர் பாராட்டியும் கொண்டார்கள். சிவக்கொழுந்து மட்டும் நானூற்றுப் பன்னிரண்டு படங்கள் ஏற்றியிருந்தான்.

போன வருடப் போட்டியில் அவனுக்கு இரண்டாம் இடம். தலைமை நடுவர் நீலமேகம் பூதக்கண்ணாடி வைத்து அவன் காரை நெடுநேரம் பார்த்தார். பிறகு சபை நடுவே சொன்னார்: "தம்பி, உங்க துரு பொய் சொல்லுது. மேல பூசுனாப்பல இருக்கு. துரு உள்ளேருந்து வரணும்." நீலமேகமும் துருவைப் பார்த்தவர் இல்லை. அதை அவரிடம் கேட்கிற தைரியம் யாருக்கும் வரவில்லை. அந்த ஒரு வார்த்தை சிவக்கொழுந்தின் நெஞ்சில் மீன்முள்ளாகச் சிக்கிக்கொண்டது. பாசி வளர்க்கிற தொட்டி வேலையிலும் சாப்பாட்டிலும் தூக்கத்திலும் அவனுக்கு அதே நினைப்புதான். இந்த வருடம் முதலிடம் வாங்காவிட்டால் வண்ணக் குப்பிகளையெல்லாம் குப்பையில் கொட்டிவிடுவதென்று முடிவு கட்டியிருந்தான்.

போட்டிக்குப் பதினோரு நாள் இருக்கும்போது, இட்லியைத் தட்டில் வைத்தபடி பூங்கோதை சொன்னாள்.

"ஏங்க, எங்க சலவைக்கூடத்துல பின்னால ஒரு கதவு இருக்குல்ல? அதுல என்னமோ தோல்ல படை கெளம்புனாப்பல இருக்கு. தொட்டாப் பொடிப்பொடியா உதிருது. நீங்க அடிக்கிற கலராட்டமே இருக்குங்க. ஒரு எட்டு வந்து பாருங்களேன்."

அவள் அந்தச் சலவைக்கூடத்தின் மேற்பார்வையாளர். இருபத்தாறு பேர் அவள் கையின் கீழ் வேலை செய்தார்கள். அந்தக் கதவுக்கு அப்பால் இருந்தது கைவிடப்பட்ட நான்காம் குமிழ். அங்கே கூரை போய்விட்டது, காற்றும் போய்விட்டது. இந்தப் பக்கம் நாள் முழுக்க நீராவி, அந்தப் பக்கம் செவ்வாய். நடுவே அந்த ஒற்றைக் கதவு. முதலில் வந்து குடியேறியவர்கள், கையில் வேறு எதுவும் இல்லாமல், தாங்கள் வந்த கப்பலின் இரும்புக் கதவைப் பெயர்த்து அங்கே மாட்டி வெள்ளை அடித்துவிட்டார்கள். பதிவேட்டில் பாறைநார் என்று எழுதிவிட்டுப் போய்ச் சேர்ந்தார்கள்.

சிவக்கொழுந்து போய்ப் பார்த்தான். வெள்ளைப் பூச்சு கொப்பளித்து வெடித்து, அடியிலிருந்து செம்பழுப்பு பொங்கி வந்திருந்தது. ஓரத்தில் ஆரஞ்சு, நடுவில் கிட்டத்தட்டக் கறுப்பு, கீழே கண்ணீர்த் தாரைபோல் வழிந்த கறை. கீல்களுக்கு அருகில் அடை அடையாக உப்பியிருந்தது. நாற்பது வருடமாக முந்நூறு பேர் பூசியது எல்லாம் தப்பு என்று அந்தக் கணத்தில் அவனுக்குத் தெரிந்துவிட்டது. சந்தோஷத்தில் கண் கலங்கியது. இன்னொன்றும் தெரிந்தது. அதை உங்களிடம் மறைத்துப் பயனில்லை: துரு இரும்பைத் தின்னும், அந்த இரும்புதான் காற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. இரண்டும் அவனுக்கு ஒரே நேரத்தில் தெரிந்தன. ஆனால் சொன்னால் ஒரு மணி நேரத்தில் பழுதுபார்க்கும் எந்திரம் வந்து சுரண்டி எடுத்துவிடும். பதினோரு நாள்தானே, போட்டி முடிந்த மறுநாளே சொல்லிவிடுவது என்று தனக்குத்தானே வாக்குக் கொடுத்துக்கொண்டான். இத்தனை வருடம் நின்ற கதவு பதினோரு நாள் நிற்காதா?

"பயப்படுறாப்பல ஏதாச்சுங்களா?" என்றாள் பூங்கோதை.

"சேச்சே, நீராவிக் கறை. தொடச்சுக்கிடச்சு வெச்சுராத. யாரையும் தொட விடாத."

அவள் உடனே ஒரு படுக்கை விரிப்பை எடுத்து அந்தக் கதவின் மேல் திரையாகத் தொங்கவிட்டாள். புருஷன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிற பெண் அவள்.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் சிவக்கொழுந்து சாப்பாட்டுத் தூக்கோடு சலவைக்கூடத்துக்கு வந்தான். பத்தொன்பது வருடத்தில் ஒரு நாளும் எட்டிப் பார்க்காத மனுஷன் இப்படி மாறிவிட்டானே என்று பூங்கோதைக்கு உள்ளூரப் பூரிப்பு. கூட வேலை செய்கிற பெண்கள் கேலி பேசினார்கள். அவள் வெட்கப்பட்டுக்கொண்டே அவனுக்குப் பரிமாறினாள். அவன் இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு திரைக்குப் பின்னால் போய்விடுவான். ஒன்பதாம் நாள் கீழ்க் கீலுக்குப் பக்கத்தில் ஊசியால் குத்திப் பார்த்தான். ஒரு விரற்கடை ஆழம் உள்ளே இறங்கியது. அந்த இடத்தில் வண்ணத்தை இரண்டு அடுக்காகப் பூச வேண்டும் என்று குறித்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

கறுப்பு உடலும் மஞ்சள் கூரையுமான பழைய மெட்ராஸ் டாக்ஸி, காசிமேட்டுக் கடலோரத்தில் பத்து வருடம் கேட்பாரற்றுக் கிடந்த கோலத்தில் அந்த வருடப் போட்டிக்கு வந்தது. நீலமேகம் பூதக்கண்ணாடியை இறக்கினார். "இப்பதான் தம்பி உண்மை பேசுது," என்றார். சிவக்கொழுந்து மேடையில் நின்று அழுதான். கீழே பூங்கோதையும் கை வலிக்கத் தட்டிக்கொண்டு அழுதாள்.

வாக்குத் தவறாதவன் என்று அவனுக்கே அவன்மேல் ஒரு மதிப்பு உண்டு. மறுநாள் காலை முதல் வேலையாகக் கதவைப் படமெடுத்து, வளவின் பராமரிப்பானுக்கு அபாயப் புகாராக அனுப்பினான். பராமரிப்பான் என்பது வளவின் எல்லாப் பழுதுகளையும் படம் பார்த்தே கண்டுபிடிக்கிற பெரிய எந்திர மூளை. அரை நொடியில் பதில் வந்தது.

"மிக நேர்த்தியான பழமையூட்டல். உங்கள் நானூற்றுப் பதின்மூன்றாவது படைப்புக்கு வாழ்த்துகள். இது கலைப் பிரிவுக்கு மாற்றப்பட்டது."

எந்திரத்தைக் குற்றம் சொல்ல முடியாது. படத்தைப் பார்த்து அடையாளம் காண்பதை அது பொதுப் படத்தளத்திலிருந்துதான் கற்றுக்கொண்டது. அங்கே இருந்த ஆயிரக்கணக்கான துருப் படங்களில் ஒன்றுகூட நிஜமில்லை. ஆகவே துரு என்பது ஒருவகை வண்ணப்பூச்சு என்று அது புரிந்துகொண்டிருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு முறை அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவன் சிவக்கொழுந்து. அபாயச் சங்கிலி இருந்தாலாவது இழுத்திருக்கலாம். விளையாட்டுக்கு இழுக்கிறார்கள் என்று அதையும் எப்போதோ கழற்றிவிட்டார்கள்.

அவன் பராமரிப்பு அலுவலகத்துக்கே ஓடினான். அங்கிருந்த இளம் அதிகாரி நன்மாறன் எழுந்து நின்று கை கொடுத்தான்.

"சார், நேத்து உங்க டாக்ஸியப் பாக்க வரிசையில நின்னேன் சார். இப்ப முழு அளவுல ஒரு கதவே பண்ணிட்டீங்க! என்ன பெயின்ட் சார் அது?"

"பெயின்ட் இல்லங்க. துரு. நெசத் துரு. அந்தக் கதவு எந்த நேரமும் போயிரும். ஆள் அனுப்புங்க."

"டாக்ஸியப் பத்தியும் இதைத்தான சார் சொன்னாங்க, நெசமேதான்னு?" என்று நன்மாறன் சிரித்தான். "பராமரிப்பான் பழுதுன்னு சொன்னாத்தான் சார் நான் ஆள் அனுப்ப முடியும். காத்தழுத்தமும் குறையல பாருங்க. ஒண்ணு செய்யிறேன். உங்க படத்துக்கு ஒரு பாராட்டு போட்டு வைக்கிறேன். நெறையப் பேரு பாத்தா மேல கவனிப்பாங்க."

அவன் சொன்னபடியே ஆயிற்று. சிவக்கொழுந்து சலவைக்கூடத்துக்கு ஓடி வந்தபோது உள்ளே கால் வைக்க இடமில்லை. படத்தை இடக்குறிப்போடு பராமரிப்பான் எல்லாருக்கும் அனுப்பியிருந்தது. கார் கட்டுகிறவர்கள் எழுபது பேர் கதவின் முன்னால் முண்டியடித்தார்கள். யாரோ திரையைக் கழற்றி எறிந்திருந்தார்கள். ஓரமாக நின்ற பூங்கோதையிடம் ஆளாளுக்கு வந்து வாழ்த்துச் சொல்ல, அவள் ஒன்றும் புரியாமல், கொஞ்சம் பெருமையோடு தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

"வெளிய போங்க எல்லாரும்! இது நெசம்! கதவு போகப்போவுது!" என்று அவன் தொண்டை கிழியக் கத்தினான்.

கைதட்டல் எழுந்தது. "நடிப்பும் சேத்துக் குடுக்குறாருப்பா," என்றார் ஒருவர்.

பூங்கோதை மட்டும் சிரிக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவனிடம் வந்தாள்.

"நீராவிக் கறைன்னீங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"மொத நாளே."

"அப்ப, தெனமும் சாப்பாடு எடுத்துட்டு வந்தது?"

அவள் போய் நீராவியை அடைத்தாள். ஒரு வாளியை எடுத்துத் தரையில் ஓங்கி அடித்தாள். "போட்டது போட்டபடி வெளிய வாங்க!" என்றாள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. இரண்டே நிமிடத்தில் அவள் கீழ் வேலை செய்கிற இருபத்தாறு பேரும் வெளிவாசலைத் தாண்டிவிட்டார்கள். கடைசியாகப் போன அவளைச் சிவக்கொழுந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

"உங்க பேச்ச நம்பிக்கிட்டிருந்தவ நான் ஒருத்திதான்," என்றாள் அவள், திரும்பாமலே. "இனி அவங்கள நம்ப வைங்க."

அவன் ஒவ்வொருவர் கையாகப் பிடித்து இழுத்தான். "கை ஆடுது சார், படம் கலங்குது," என்று ஒருவர் சலித்துக்கொண்டார். நீலமேகம் கீழ்க் கீலின் அருகே குனிந்து, அடுக்குகளை எப்படிப் பூசியிருக்கிறான் என்று பார்க்கக் கட்டைவிரலால் அழுத்தினார். தட்டு அகலத்துக்கு ஓர் அடை பெயர்ந்து விழுந்தது. குக்கர் ஆவி விடத் தொடங்கும்போது வருமே, அதுபோல மெல்லிய சீறல் ஒன்று கேட்டது. தரையில் கிடந்த பஞ்சுத் துணுக்குகள் கதவை நோக்கி ஊர்ந்தன.

"அடடா!" என்றார் நீலமேகம், உடம்பெல்லாம் சிலிர்க்க. "சத்தங்கூட வெச்சிருக்காருய்யா!"

படமெடுக்கிற எழுபது கைக்கருவிகள் ஒன்றாக உயர்ந்தன. பதிவில் வேறு இரைச்சல் விழுந்துவிடக் கூடாதென்று, கத்திக்கொண்டிருந்த சிவக்கொழுந்தின் வாயை யாரோ அன்பாகப் பொத்தினார்கள்.