காற்று போன பிறகும்

"மாட்டுக்கு வைத்தியம் நீங்க பாருங்க டாக்டரம்மா... வண்டிக்கு நான் பாத்துக்கறேன்."

அந்த மெக்கானிக் இப்படிச் சொன்னதும் அவளுக்குச் சுருக்கென்றது. காலையில் கொட்டும் மழையில், நடுரோட்டில், கிளட்ச் மிதி தரையோடு படுத்துவிட, கியர் விழாமல் நின்ற அப்பாவின் பழைய வேனைக் கயிறு கட்டித் தன் பட்டறைக்கு இழுத்து வந்தவன் அவன்தான். அதனால் பொறுத்துக்கொண்டாள். ஆனாலும் அந்தக் கண்கள்... நனைந்த இமைகளுக்குள் என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது? சே, நினைப்பு போகிற போக்கைப் பார்.

"மிதிக்குக் கீழ ரப்பர் மேட் ஈரமா இருக்கு. மிதியோட சேர்ந்த மேல் சிலிண்டர்லேர்ந்துதான் எண்ணெய் ஒழுகுது," என்றாள்.

"அது மழைத்தண்ணி," என்று வண்டிக்கு அடியில் இருந்த கீழ் சிலிண்டரைக் கழற்றப் போய்விட்டான்.

ஐந்து மணிக்கு அண்ணன் பழைய இரும்புக்காரரோடு வருகிறான். அதற்குள் வண்டி ஓடாவிட்டால் விற்றுவிடுவதாகப் பேச்சு. வேன் போனால், தொழுவம் தொழுவமாகப் போய் வைத்தியம் பார்க்கும் அவள் பிழைப்பும் போச்சு. விடுவாளா அவள்?

மூன்று மணிக்குக் கீழ் சிலிண்டர் புதிதாக மாட்டியும் மிதி பழையபடி படுத்தது. அவள் அந்த ரப்பர் மேட்டைத் தொட்டு விரலை நீட்டினாள்.

"மழைத்தண்ணி இப்படி வழவழன்னா இருக்கும்?"

அவன் முகம் சுண்டிப்போனது.

"தப்பு என்னுதுதாங்க. காலைலயே உங்க பேச்சக் கேட்டிருக்கணும்."

மேல் சிலிண்டரையும் மாற்றினான். இனி எண்ணெய்க் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அது ஒற்றை ஆள் வேலை இல்லை. அவள் மிதிக்க, வண்டிக்கு அடியில் படுத்து அவன் காற்று போகும் திருகைத் திறந்து மூடினான்.

"மிதிங்க... பிடிங்க... விடுங்க."

திருகு திறக்கும்போதெல்லாம் மிதி பொசுக்கென்று இறங்கியது. பிறகு காலை எதிர்த்து விறைப்பாக நின்றது. அவன் குரல் மட்டும் நிற்கவில்லை.

"இன்னும் ஒரே தடவ... மிதிங்க..."

"ஏங்க, எட்டு தடவையா மிதி பொசுக்குன்னு இறங்கவே இல்ல. நீங்க திருகத் திறக்கலதானே?"

அடியில் ஸ்பேனர் தரையில் விழுந்தது.

"காத்து அப்பவே போயிடுச்சுங்க..."

"அப்புறம் எதுக்கு?"

"முடிஞ்சதுன்னா நீங்க கிளம்பிடுவீங்களே... உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு."

வாசலில் ஹாரன். அண்ணன். மெக்கானிக் வண்டிக்கு அடியிலிருந்து உருண்டு வந்ததும் அவள் சாவியைத் திருகினாள். முதல் கியர் அலுங்காமல் விழுந்தது. நேராக வாசல்வரை ஓட்டிப்போய் நிறுத்தினாள்.

"வண்டி விக்கறதுக்கில்லண்ணா."

இரும்புக்காரர் வந்த வழியே நடந்தார்.

அவள் ரிவர்ஸ் போட்டு, எண்ணெய்க் கையோடு நின்றவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீங்க திறக்கலன்னு முதல் தடவையே தெரியும்..." பார்வையை ஸ்டியரிங்கில் புதைத்துக்கொண்டாள். "தெரிஞ்சேதான் மிச்ச ஏழு தடவையும் மிதிச்சேன்."