ஊசி அறிந்த நடை

திரையில் ஓடிய கோட்டில், இதயத் துடிப்புகளுக்கு நடுவே மூன்று முட்கள் முளைத்திருந்தன. பெரியது, பெரியது, சிறியது. கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி அதே மூன்று.

கயோ திரையருகே குனிந்தாள். சூடேற்றியின் ரீங்காரம் ஊசியைக் கலைக்கும் என்று அதை அவளே அணைத்திருந்தாள். இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறைகளைத் தாண்டி நிலவறை ஆய்வகத்தின் தரைக் குளிர் முழங்கால்வரை ஏறிவிட்டிருந்தது, வெளியே ஜப்பானின் கனஸவா நகரத்துப் பனிக்கால இடி எங்கோ பெட்டிக்குள்ளிருந்து உருள்வதுபோல் கேட்டது, ஊட்டத் திரவத்தின் லேசான இனிப்பு வாடை மூக்கிலேயே தங்கிவிட்டது. அந்தத் திரவம் நிறைந்த சின்னக் கிண்ணத்தில்தான் இதயத் தசைச் செல்கள் உயிரோடு இருந்தன. கண்ணுக்குத் தெரியாத கூருள்ள ஊசி ஒரு செல்லைத் தொட்டும் தொடாமலும் நின்றது. செல் துடித்தால் ஊசி எழும். திரையில் கோடு எழும்.

அந்த ஊசிக்கு எதுவும் தப்பாது. நடைவழியில் யார் நடந்தாலும் கோட்டில் முள் முளைக்கும். அதைப் பார்த்தே வருவது யாரென்று ஆய்வகத்தில் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். பேராசிரியரின் குதிகால் தெரிந்தால் பிஸ்கட் பொட்டலங்கள் மேசைக்கடியில் ஒளிந்துகொள்ளும். ஆனால் இந்த மூன்று முள் நடை அங்கே யாருக்கும் கிடையாது.

செல்கள் நோட்டோ கடற்கரையைச் சேர்ந்த ஒரு கிழ மீனவரின் ரத்தத்திலிருந்து இதயச் செல்களாக மாற்றி வளர்த்தவை. அவர் வியாழக்கிழமை இறந்துபோனார். வெள்ளிக்கிழமை மகளின் கடிதம் வந்தது: அப்பாவுடையது எதுவும் அங்கே மிச்சம் இருக்க வேண்டாம், அழித்துவிடுங்கள். பேராசிரியர் அப்படியே செய்யச் சொன்னார். கயோ தலை குனிந்து சரி என்றாள். ஞாயிற்றுக்கிழமை வந்து ஊசியை இறக்கினாள். அவருக்கிருந்த அபூர்வ இதய நோயின் துடிப்பு ஐந்து மணி நேரம் அறுபடாமல் பதிவானால் அவள் வேலை நிலைக்கும். இல்லையென்றால் மார்ச்சோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தப்பு என்று தெரியும். தெரிந்தேதான் செய்தாள். இன்னும் இருபது நிமிடம் பாக்கி.

காவலாளி தானிமுராவைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"பில்டிங்ல வேற யாரு இருக்கா?"

"இந்தப் பனியில யாரு வருவா? நீ ஒருத்திதான். கதவ நானே பூட்டினேன்."

"யாரோ நடக்கறாங்க. ரெண்டு கால், ஒரு கம்பு."

தானிமுராவின் குரல் தணிந்தது.

"கயோ, அந்த மீன்காரரோட கிண்ணத்தையா வெச்சிருக்க? ரத்தம் குடுக்க வந்தப்போ நான்தான் அவருக்குக் கதவு தொறந்தேன். கம்பு ஊனித்தான் வந்தாரு. அதக் கொட்டிட்டு மேல வா, சொல்றேன்."

"ரெண்டு வருஷ உழைப்பு, தானிமுரா சான். யாரு வந்தாலும் சரி, நான் எந்திரிக்க மாட்டேன்."

வைத்துவிட்டாள். பயத்தைவிட வீம்பு பெரிதாக இருந்தது.

காதுக்கு ஒரு சத்தமும் இல்லை. கோட்டில் மட்டும் முட்கள் உயர்ந்துகொண்டே வந்தன. படிக்கட்டு. நடைவழி. கதவு.

கதவு திறக்கவில்லை.

முட்கள் திரையின் விளிம்பைத் தொட்டன. அறைக்குள். மேசைக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம். உப்பும் மீனும் கலந்த வாடை.

அந்த நடை அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது.

கயோ திரும்பவில்லை. கிண்ணத்தின் முன் கையை அரணாக வைத்தாள்.

"உங்க பொண்ணு கடுதாசியப் படிச்சுட்டுத்தான் வந்தேன்," என்றாள். "தர மாட்டேன். சும்மா போக முடியாதுன்னா வேற எதையாவது எடுத்துட்டுப் போங்க."

செல் துடித்தது. நின்றது. துடித்தது.

பிறகு முட்கள் சிறுத்தன. போகிறது. கயோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போகும் நடையில் ஐந்து முட்கள் இருந்ததை அப்போது கவனித்தாள்: பெரியது, பெரியது, சிறியது, அதன் பின்னால் லேசாக இரண்டு. என்னவோ எதிரொலி என்று விட்டுவிட்டாள்.

ஐந்து மணி நேரம் முடிந்தது. பதிவு முழுசு. ஜெயித்துவிட்டாள். தானிமுராவிடம் சொல்ல எழுந்து நான்கடி நடந்தாள், பழக்கத்தில் திரையைத் திரும்பிப் பார்த்தாள்.

அவளுடைய நான்கடிக்கு ஒரு முள்கூட இல்லை.

தரையை ஓங்கி மிதித்தாள். கோடு அசையவில்லை. "நான் இங்கதான் இருக்கேன்," என்றாள். மறுபடி மிதித்தாள். குதித்தாள். இரண்டு காலாலும், முழு பலத்தோடும்.

கிழவரின் செல் நிதானமாகத் துடித்தது. துடிப்புகளுக்கு நடுவே, வெகு தொலைவில், கம்பின் பின்னால், அவளுடைய நடையிலேயே, லேசான இரண்டு கால்கள் படியேறிப் போய்க்கொண்டிருந்தன.